மாமாவின் இறுவட்டும் ஒரே மேசையில் மூன்று உலாவிகளும்

மாமா வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண வீதிப் பக்கம் இருக்கிறார். சென்ற மழைக்காலத்தில் அவருடைய அலுமாரியை ஒதுக்கிக் கொடுக்கப் போனபோது ஒரு பிஸ்கட் டின் வெளியே வந்தது. உள்ளே துணியில் சுற்றிய ஓர் இறுவட்டு. மேலே நீல மையில் ‘தளம், முழுப் பிரதி, 2004’ என்று எழுதியிருந்தது.

1999 இலிருந்து 2004 வரை எங்கள் ஊர்ச் சங்கத்துக்காக மாமா தனியாளாக ஓர் இணையத்தளம் நடத்தினார். வடமராட்சியில் கடலை ஒட்டிய சின்ன ஊர் அது. போரில் சிதறிப் போன சனத்துக்கு ஒரு திண்ணை மாதிரி இருக்கட்டும் என்று தொடங்கினாராம். கோயில் திருவிழாக் குறிப்புகள், பள்ளிக்கூடப் படங்கள், மரண அறிவித்தல்கள், ஊர்ப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல மாமா இருந்து தட்டெழுதிய பழங்கதைகள் எல்லாம் அதில் இருந்தன. அந்தப் பெரியவர்களில் ஒருவர்கூட இப்போது உயிரோடு இல்லை. தளத்தின் முகவரியும் புதுப்பிக்கப்படாமல் எப்போதோ கைமாறிவிட்டது. ஆக, இருப்பது இந்த ஒரு இறுவட்டுத்தான்.

“தம்பி, ஒருக்கா போட்டுப் பார். எழுத்து வருதோ எண்டு பார்ப்பம்” என்று கையில் தந்தார்.

எழுத்து வரவில்லை. அதை வரவழைக்க எடுத்த பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்படி ஒரு பிஸ்கட் டின் பல வீடுகளில் இருக்கும் என்று நினைக்கிறேன். அதைத் திறக்கப் போகிறவர் நான் தடுக்கி விழுந்த இடங்களில் விழ வேண்டியதில்லை.

முதல் வேலை பிரதி எடுப்பது. இப்போதைய கணனிகளில் இறுவட்டு போடும் தட்டே கிடையாது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் யூஎஸ்பியில் பொருத்துகிற ஒன்றை வாங்கிவந்தேன். இரண்டு படக் கோப்புகள் முதல் தடவை வாசிபடவில்லை, நண்பர் ஒருவரின் வேறு கருவியில் வாசிபட்டன. கடல்காற்று படுகிற வீட்டில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்த தட்டு இவ்வளவாவது தந்ததே பெரிது. பிரதியை உடனேயே ‘வாசிக்க மட்டும்’ என்று பூட்டி, அதிலிருந்து இன்னொரு பிரதி எடுத்து அதில்தான் வேலை செய்தேன். கடைசி வரைக்கும் மூலத்தைத் தொடவில்லை.

மொத்தம் இருநூற்றுச் சொச்சம் எச்டிஎம்எல் பக்கங்கள். புதிய பயர்பொக்ஸில் ஒன்றைத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சதுர அடைப்புகளும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அச்சகப் பக்கம் போய்வந்த எவருக்கும் அந்தக் கோலம் பார்த்தவுடன் பிடிபடும். பாமினி வகை எழுத்துரு. பாமினியில் தட்டிய கோப்புக்குள் தமிழ் எழுத்து என்று ஒன்று கிடையாது. த தெரிய வேண்டிய இடத்தில் ஆங்கில ஜே இருக்கும், ம தெரிய வேண்டிய இடத்தில் கே இருக்கும். அந்த ஜேக்கு மேல் த என்ற வடிவத்தைப் போர்த்துவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் ஆங்கிலக் குப்பைதான் மிஞ்சும்.

அப்போது ஏன் அப்படிச் செய்தார்கள் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கிற பொதுக் குறியாக்கமான யூனிகோடில் தமிழுக்கு இடம் 1991 இலேயே இருந்தது. ஆனால் விண்டோஸ் அதைக் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000 இல், லதா எழுத்துருவோடு. 1999 இல் கனடாவிலோ கொழும்பிலோ வீடுகளில் இருந்தது விண்டோஸ் 98. அதில் தமிழ் தெரிய வேண்டுமானால் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். மாமாவின் பக்கங்களின் தலைப்பகுதியில் அதற்கென இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஈஓடி எழுத்துருக் கோப்பைக் காட்டியது. மற்றது நெட்ஸ்கேப் 4 இற்கான பிஎஃப்ஆர் கோப்பு. இரண்டு உலாவிக்கும் இரண்டு விதமாக ஒருவர் தனியே இருந்து செய்திருக்கிறார். அந்த இரண்டு வரிகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

பிஎஃப்ஆரை நெட்ஸ்கேப் 6 இலேயே கைவிட்டுவிட்டார்கள். ஈஓடியை பயர்பொக்ஸோ குரோமோ எந்தப் பதிப்பிலும் ஏற்றதில்லை, அது எக்ஸ்புளோரருக்கு மட்டுமே உரியது. சரி, எக்ஸ்புளோரரிடம் போகும் முன் சுலபமான வழியைப் பார்ப்போம் என்று கணனியில் பாமினி எழுத்துருவை நிறுவி, பக்கம் தேடுகிற எழுத்துருப் பெயருக்கு அதைக் காட்டினேன். பெரும்பகுதி தமிழாக வந்துவிட்டது. ஆனால் ‘வேலை’ என்று வர வேண்டிய இடத்தில் வே வந்து பக்கத்தில் ஒரு பவுண் குறி நின்றது. ‘துணை’ என்பதில் ணை இல்லை, வேறொரு குறி. எல்லாப் பக்கத்திலும் இதே கதை. மாமாவிடம் கேட்டேன்.

“அது நான் கீறின எழுத்து தம்பி. பாமினியில இருந்த லை எனக்குப் பிடிக்கேல்லை. தும்பிக்கை வைச்ச லை போட்டனான்.”

பழைய அச்சில் லை, ளை, ணை, னை ஆகியவற்றுக்கு முன்னால் ஐகாரக் கொம்பு தனியே நிற்காது, எழுத்தின் தலையிலிருந்து யானைத் தும்பிக்கை போல் ஒரு வளைவு எழும்பும். ணா, றா, னா வுக்கும் சேர்த்து எழுதுகிற வடிவம் உண்டு. தமிழ்நாட்டரசு 1978 இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது அங்கே அவை மாறின. மாமா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் கைக்கும் கண்ணுக்கும் பழகியது பழைய வடிவம். எழுத்துருத் திருத்தும் மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்து அந்த ஏழு எழுத்துகளையும் தானே கீறி, பாவிக்காத குறிகளின் இடத்தில் பொருத்தியிருக்கிறார். திருத்திய எழுத்துருவின் மூலக் கோப்பு தொலைந்துவிட்டது. எஞ்சியிருப்பது பக்கத்தோடு ஒட்டிய அந்த ஈஓடி மட்டும்.

ஆகவே எக்ஸ்புளோரர் வேண்டும்.

ஒரே விண்டோஸில் இரண்டு எக்ஸ்புளோரர் வைத்திருப்பது என்றைக்குமே தலையிடிதான். பயர்பொக்ஸ் மாதிரி ஒரு கோப்புறைக்குள் அடங்குகிற மென்பொருள் இல்லை அது, விண்டோஸின் உடம்போடு ஒட்டிய உறுப்பு. 7 ஐப் போட்டால் 6 போய்விடும். 2003 இல் ஜோ மெடலோன் என்பவர் எக்ஸ்புளோரரின் கோப்புகளைத் தனிக் கோப்புறைக்குள் எடுத்து, ‘லோக்கல்’ என்று முடிகிற வெற்றுக் கோப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் பழைய பதிப்பு தன் நூலகக் கோப்புகளையே எடுத்துக்கொண்டு ஓடும் என்று கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் தளம் செய்கிற பலருக்கு அது உயிர்காத்த வித்தை. இன்றைய விண்டோஸில் அதை நம்பி இறங்க முடியாது. எக்ஸ்புளோரர் 11 ஐ 2022 யூன் 15 உடன் மைக்ரோசொப்ட் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. ஆனால் எட்ஜ் உலாவிக்குள் அதன் இயந்திரம் இன்னும் இருக்கிறது. எட்ஜின் அமைப்புகளில் ‘இயல்பு உலாவி’ பகுதிக்குப் போய், தளங்களை எக்ஸ்புளோரர் முறையில் மீண்டும் திறக்க அனுமதி கொடுத்தால் போதும். 2029 வரையாவது இதை வைத்திருப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கையால் சேர்க்கிற பக்கம் 30 நாட்களில் பட்டியலிலிருந்து விழுந்துவிடும், திரும்பச் சேர்க்க வேண்டும்.

பக்கத்தை வட்டிலிருந்து நேரே திறக்காமல் ஒரு சின்ன வழங்கி மூலம் கொடுத்தேன். பைதன் நிரல்மொழியில் ஒரு வரிக் கட்டளையில் எந்தக் கோப்புறையையும் இணையத்தளம் போல் பரிமாறலாம். எட்ஜில் எக்ஸ்புளோரர் முறையில் திறந்தேன். பழைய குப்பையேதான் வந்தது. ஈஓடி கோப்பு இருக்கிறது, வழங்கியும் அதைக் கொடுக்கிறது, ஆனால் எழுத்துரு ஏறவில்லை.

எட்ஜுக்குள் இருப்பது முழு எக்ஸ்புளோரர் இல்லையே, அதனால்தான் என்று முடிவு கட்டினேன். அந்த முடிவு தவறு, ஆனால் அதனால்தான் அடுத்த கட்டத்துக்குப் போனேன். மாமாவின் பழைய கணனியோடு வந்த விண்டோஸ் எக்ஸ்பி இறுவட்டும் உரிம இலக்கமும் அதே டின்னுக்குள் கிடந்தன. கணனிக்குள் இன்னொரு கணனியை ஓட்டுகிற வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளில் 512 எம்பி நினைவகம் கொடுத்து ஒரு எக்ஸ்பி பெட்டியை எழுப்பினேன். அதில் எக்ஸ்புளோரர் 6 கூடவே வரும். இருபது வருடத்துக்கு முந்திய அந்த நீலப் பட்டை, பச்சைத் தொடக்கப் பொத்தான். பக்கத்தைத் திறந்தேன்.

அதிலும் குப்பைதான்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. 1999 இல் இதே எக்ஸ்புளோரர் குடும்பத்தில் தெரிந்த பக்கம் இன்று அதே உலாவியில் தெரியவில்லை என்றால், பிழை உலாவியின் வயதில் இல்லை. அப்புறம் வேறென்ன மாறியிருக்கிறது? கணனி மாறியது, கோப்பு மாறவில்லை, உலாவி மாறவில்லை. இடம் மாறியிருக்கிறது. எழும்பி ஈஓடி கோப்பை ஒரு பைட் பார்வைக் கருவியில் திறந்தேன். எழுத்துருவின் உடம்பு சுருக்கிக் குழப்பப்பட்டிருக்கும், ஒன்றும் வாசிக்க முடியாது. ஆனால் தலைப்பகுதி திறந்தே கிடக்கும். முதலில் எழுத்துருவின் குடும்பப் பெயர், பிறகு பதிப்பு, பிறகு முழுப்பெயர். அதற்கடுத்து, எழுத்துக்கெழுத்து இடைவெளி விட்டதுபோல், மாமாவின் பழைய தளத்தின் முழு முகவரி.

விஷயம் இதுதான். ஈஓடி செய்ய மைக்ரோசொப்ட் ‘வெஃப்ட்’ என்ற கருவியை இலவசமாகக் கொடுத்தது. எழுத்துருவை யாரும் களவெடுத்துத் தங்கள் தளத்தில் போடக்கூடாது என்பதற்காக, எந்த முகவரியில் மட்டும் இது வேலை செய்யலாம் என்பதைக் கோப்புக்குள்ளேயே பதித்துவிடும். வேறு முகவரியிலிருந்து பக்கம் வந்தால் எக்ஸ்புளோரர் எழுத்துருவைப் பேசாமல் ஒதுக்கிவிடும், ஒரு எச்சரிக்கைகூடக் காட்டாது. நான் திறந்த ஒவ்வொரு தடவையும் பக்கம் வேறு முகவரியிலிருந்துதான் வந்திருக்கிறது. விடிந்ததும் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். “ஓம், அது தளத்தின்ர விலாசம் கேட்டது, குடுத்தனான்” என்றார்.

அப்படியானால் அந்த முகவரியையே கொடுத்துவிடுவோம். விண்டோஸில் ‘ஹோஸ்ட்ஸ்’ என்று ஒரு சின்ன உரைக் கோப்பு உண்டு. எந்தப் பெயர் எந்த இலக்கத்துக்குப் போக வேண்டும் என்று அதில் எழுதினால், கணனி வெளியே யாரிடமும் கேட்காமல் அதையே நம்பும். எக்ஸ்பி பெட்டியின் வலையமைப்பை ‘ஹோஸ்ட் ஒன்லி’ என்ற முறைக்கு மாற்றினேன். அந்த முறையில் பெட்டிக்கு என் கணனி மட்டும் தெரியும், இணையம் தெரியாது. வேர்ச்சுவல்பொக்ஸில் என் கணனிக்கு அந்த வலையில் வழக்கமாகக் கிடைக்கும் இலக்கம் 192.168.56.1. எக்ஸ்பியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மாமாவின் பழைய முகவரிக்கு நேரே அந்த இலக்கத்தை எழுதினேன். பைதன் வழங்கியை அதே இலக்கத்தில், 80 ஆம் வாயிலில் (போர்ட்) ஓடவிட்டேன். 80 கட்டாயம். வேறு வாயில் என்றால் முகவரியின் பின்னால் இலக்கம் ஒட்டிக்கொண்டு மறுபடியும் பொருந்தாமல் போகும். விண்டோஸ் பயர்வோல் இந்த உள்வலையைப் பொது வலை என்று எடுத்துக்கொண்டு பைதனைத் தடுத்ததில் ஒரு மணித்தியாலம் போனது. அந்த வாயிலுக்கு மட்டும், அந்த வலைக்கு மட்டும் வழி திறந்தேன்.

எக்ஸ்புளோரர் 6 இல் பழைய முகவரியை முழுதாகத் தட்டி என்ரரை அழுத்தினேன். ஒரு கணம் குப்பை தெரிந்தது. பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக உருமாறின. தும்பிக்கை தூக்கிய லை.

மடிக்கணனியில் அதே பெட்டியைப் பிரதி செய்து, அன்று பின்னேரமே வெள்ளவத்தைக்கு கொண்டுபோனேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முகப்புப் பக்கத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு மெல்ல ஒவ்வோர் இணைப்பாக அழுத்தி வாசிக்கத் தொடங்கினார். பிளேன்டீ ஆறிப்போனது. நான் பேசவில்லை.

பின்னர் என் விண்டோஸ் 11 இன் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் அதே வரியை எழுதி எட்ஜில் பார்த்தேன். எழுத்துரு அங்கேயும் ஏறியது. எட்ஜைக் குறை நினைத்தது என் பிழை. இருந்தாலும் அந்த வரியைத் திரும்ப எடுத்துவிட்டேன். அந்த முகவரி இன்று வேறு யாருடையதோ. நான் நாளாந்தம் பாவிக்கிற கணனி அதைப் பற்றிப் பொய் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. பொய் எக்ஸ்பி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

திஸ்கிப் பக்கங்களும் பயர்பொக்ஸ் 52 உம்

2002 இற்குப் பிறகு மாமா செய்த பக்கங்களில் சுமார் முப்பது வேறு விதமாக இருந்தன. அவை திஸ்கி என்ற இன்னொரு பழைய தமிழ்க் குறியாக்கத்தில் எழுதப்பட்டவை. திஸ்கியில் ஆங்கில எழுத்துகள் தங்கள் இடத்திலேயே இருக்கும், தமிழ் ஆங்கிலம் பாவிக்காத மேல்பாதிக் குறிகளில் இருக்கும். இவற்றில் எழுத்துருவை ஒட்டவில்லை, வாசகரே நிறுவிக்கொள்ள வேண்டும். நிறுவினேன். புதிய பயர்பொக்ஸில் வெறும் கட்டங்கள்.

காரணம் பக்கத்தின் தலையில் இருந்த ஒரு வரி. குறியாக்கம் ‘பயனர் வரையறுத்தது’ என்று அது சொன்னது. அக்காலத்தில் திஸ்கிப் பக்கங்களில் இது சாதாரணம். இன்றைய உலாவிகள் அப்படிச் சொன்னால் மேல்பாதிக் குறிகளை யூனிகோடின் தனிப்பாவனைப் பகுதிக்குக் கொண்டுபோய்விடும், எழுத்துரு அங்கே எதையும் வைத்திருக்காது. பழைய உலாவிகளில் குறியாக்கத்தைக் கையால் மாற்றும் பட்டி இருந்தது. ‘மேற்கத்தியது’ என்று மாற்றினால் எழுத்து வந்துவிடும். குரோம் அந்தப் பட்டியை 55 ஆம் பதிப்பில் எடுத்துவிட்டது. பயர்பொக்ஸ் 91 இலிருந்து முழுப் பட்டியலும் போய், ‘உரைக் குறியாக்கத்தைச் சரிசெய்’ என்ற ஒற்றைப் பொத்தான்தான் மிச்சம். அது தானே ஊகிக்கும், நாங்கள் சொல்ல வழியில்லை. பெரும்பாலான சனத்துக்கு அதுவே வசதி என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் ஊகிக்கத் தெரியாத குறியாக்கத்தில் ஊரின் கதை எழுதி வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பட்டி வேண்டும்.

பட்டி உள்ள பயர்பொக்ஸ் 52 இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பை மொசில்லாவின் களஞ்சியத்திலிருந்து எடுத்தேன். பழைய பதிப்புகள் எல்லாவற்றையும் அவர்கள் திறந்து வைத்திருக்கிறார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். இதை நிறுவ வேண்டியதே இல்லை. நிறுவும் கோப்பை செவன்-சிப் மென்பொருளால் விரித்தால் உள்ளே ‘கோர்’ என்று ஒரு கோப்புறை இருக்கும், அதற்குள் இருக்கும் பயர்பொக்ஸ் நேரடியாக ஓடும். விண்டோஸின் பதிவேட்டைத் தொடாது, புதிய பயர்பொக்ஸின் குறுக்குவழிகளையும் குழப்பாது.

இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். குறுக்குவழி செய்யும் பொறுமை இல்லாமல், புதிய பயர்பொக்ஸை மூடிவிட்டு 52 ஐ நேரே இரட்டைச் சொடுக்கினேன். திறந்தது. என் அடையாளக்குறிகள் எல்லாம் அதில் தெரிந்தன. நெஞ்சு திக்கென்றது. பழைய உலாவி என் நடப்புப் புரொபைலுக்குள், அதாவது அடையாளக்குறி, கடவுச்சொல், அமைப்பு எல்லாம் இருக்கும் கோப்புறைக்குள், போய் உட்கார்ந்திருக்கிறது. நீட்சிகள் கலைந்திருந்தன. சேமித்த கடவுச்சொற்களின் பட்டியல் வெறுமையாக இருந்தது. பயர்பொக்ஸ் 58 இலிருந்து கடவுச்சொற்களின் சாவி புதிய வகைக் கோப்பில் இருக்கிறது. 52 பழைய வகைச் சாவியைத்தான் தேடும், கிடைக்காவிட்டால் பூட்டைத் திறக்கத் தெரியாது.

2019 மே மாதம் வந்த 67 ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு பயர்பொக்ஸ் நிறுவலுக்கும் தனிப் புரொபைல் என்று ஆக்கினார்கள். புதிய பதிப்பு பாவித்த புரொபைலை அதைவிடப் பழையது திறக்கப் போனால் மறித்துக் கேட்கும். ஆனால் அந்தக் காவல் 67 இற்குப் பிறகு பிறந்தவற்றுக்குத்தான். 52 இற்கு அது தெரியாது. பொதுவில் புதிதாகப் பயர்பொக்ஸ் போட்டவர்களிடம் வெறுமையான ‘இயல்பு’ புரொபைல் ஒன்று தனியே இருக்கும், பழையது அதைத் திறந்துவிட்டுப் போய்விடும். நானோ 2019 இற்கு முந்திய புரொபைலைக் கணனிக்குக் கணனி தூக்கிக்கொண்டு திரிந்தவன். அதனால் இயல்பாக இருந்ததும் நடப்பில் இருந்ததும் ஒன்றே.

உடனே மூடினேன். வேலை தொடங்கும் முன் புரொபைல் கோப்புறை முழுவதையும் பிரதி எடுத்து வைத்திருந்தேன். கெட்டதை ஒதுக்கிவிட்டுப் பிரதியை அதே பெயரில் வைத்தேன், எல்லாம் திரும்பி வந்தது. அந்தப் பிரதி இல்லாமல் இதில் கை வைக்கவே வேண்டாம் என்று இதை வாசிக்கிற ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

முறையான வழி இதுதான். 52 இற்கென வெறுமையான ஒரு கோப்புறை செய்யுங்கள். அதன் குறுக்குவழியின் இலக்குப் பெட்டியில், உலாவியின் பாதைக்குப் பின்னால் ‘புரொபைல்’ என்ற கட்டளைச் சொல்லோடு அந்தக் கோப்புறையின் பாதையையும், ‘நோ-ரிமோட்’ என்ற சொல்லையும் சேருங்கள். இரண்டாவது சொல் முக்கியம், இரண்டு பயர்பொக்ஸும் ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனியே ஓடுவது அதனால்தான். முதல் தடவை திறந்ததும் அமைப்புகளில் ‘ஒருபோதும் மேம்படுத்தலைத் தேடாதே’ என்று போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் காலை அது தானே புதியதாகிவிடும். அதோடு விண்டோஸ் பயர்வோலில் அந்த ஒரு செயலிக்கு மட்டும் வெளியே போகும் வழியை மூடுங்கள். 52 இன் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 இலேயே நின்றுவிட்டன. அதை இணையத்தில் விடுவது கதவில்லாத வீட்டில் படுப்பது மாதிரி. என் திஸ்கிப் பக்கங்கள் வட்டிலேயே இருக்கின்றன, இணையம் அதற்குத் தேவையும் இல்லை.

குரோமுக்கும் இதே தத்துவம்தான், ‘யூசர் டேட்டா’ கோப்புறையைத் தனியே காட்ட வேண்டும். பழைய குரோம் பதிப்புகளைக் கூகுள் பொதுவில் வைப்பதில்லை. 2023 இலிருந்து சோதனைக்கென்று தருகிற குரோம் பதிப்புகள் தானே மேம்படாதவை, அவற்றை விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். எனக்குத் தேவைப்படவில்லை.

இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது

இத்தனைக்கும் பிறகு பக்கங்களை வாசிக்கலாம். ஆனால் மாமாவின் நோக்கம் தான் மட்டும் வாசிப்பதில்லை. டொரொன்டோவில் இருக்கிற பேரப்பிள்ளை கைபேசியில் வாசிக்க வேண்டும். அதற்கு யூனிகோட்டாக மாற்ற வேண்டும். மாற்றியதைச் சரிபார்க்க, இடப்பக்கத் திரையில் எக்ஸ்பிக்குள் மூலப் பக்கம், வலப்பக்கத் திரையில் புதிய பயர்பொக்ஸில் மாற்றிய பக்கம் என்று இரண்டையும் ஒருசேர வைத்தேன். பழையதும் புதியதும் ஒன்றாக ஓட வேண்டியிருந்ததே இதற்காகத்தான்.

மாற்றும் நிரலை நானே பைதனில் எழுதினேன். இணையத்தில் பாமினி மாற்றிகள் பல இருந்தாலும் மாமாவின் ஏழு எழுத்துகள் அவற்றுக்குத் தெரியாது. பாமினி கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் எழுதப்பட்டது. ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், அதற்குப் பின்னால் ஒரே குறி. ஆகவே கொம்புகளைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்த வேலை. என்னைக் கஷ்டப்படுத்தியவை வேறு இரண்டு.

ஒன்று, ரி. பாமினியில் ரகரத்துக்குக் கீழே வால் உண்டு, அதன் மேல் இகர விசிறி (ி) போட்டால் வடிவு வராது என்று பலர் ரகரத்துக்குப் பதில் காலைத் தட்டி விசிறி போட்டார்கள். மாமாவும் அப்படித்தான். பார்வைக்கு ரி தான். மாற்றினால் ‘ாி’ என்று ஆகும், திரையில் ஏறத்தாழ அதேபோல் தெரியும், ஆனால் தேடலில் அகப்படாது. ர் என்பதற்கும் இதே வித்தை. தமிழில் காலுக்குப் பின்னால் விசிறியோ புள்ளியோ வரவே வராது, ஆகவே அப்படி வந்த இடமெல்லாம் கால் என்பது ரகரம் என்று ஒரு விதி எழுதித் தீர்த்தேன்.

மற்றது ஔகாரம். கொம்பு, க, ள என்று வந்தால் அது ‘கெள’வா ‘கௌ’வா? ள வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது ள தான், வெள்ளம், தெளிவு மாதிரி. ஒன்றும் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஔகாரம். பெரும்பாலும் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒருவருடைய பெயரை மாற்ற முடியாது. மரண அறிவித்தல்களில் கௌரி என்ற பெயர் பல தடவை வருகிறது. முதல் மாற்றத்தில் அது ‘கெளாி’ என்று விழுந்தது, ஒரு பெயருக்குள் இரண்டு பிழையும். யாராவது தன் பேத்தியாரின் பெயரைத் தேடினால் கிடைத்திருக்காது. ஆகவே ஔகாரம் வந்த ஒவ்வொரு இடத்தையும் இரண்டு திரையையும் பார்த்துக் கண்ணால் உறுதி செய்தேன். மரண அறிவித்தல்களை மாமாவே பக்கத்தில் இருந்து வாய்விட்டு வாசித்தார், நான் திரையில் தொடர்ந்தேன். சில பெயர்களில் நின்று, அவர் யார், எந்த ஒழுங்கை, யாருடைய மகள் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். அதில் பாதியை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒரு நாள் வலப்பக்கத் திரையைக் காட்டி, “தம்பி, என்ர லை எங்கை?” என்று கேட்டார். யூனிகோடில் லை என்பது லகரமும் ஐகாரக் குறியும்தான், தும்பிக்கை போடுவதும் கொம்பு போடுவதும் எழுத்துருவின் கையில் என்று சொன்னேன். எழுத்து தொலையவில்லை, வடிவம் மட்டும் வேறு. அவர் தலையாட்டினார். அடுத்த தடவை போனபோது ஒற்றைக் கோட்டுக் கொப்பி ஒன்றில் ஏழு எழுத்துகளையும் பெரிதாக, பக்கத்துக்கு ஒன்றாக எழுதி வைத்திருந்தார். அவற்றை வருடி எடுத்து ஒரு திறந்த எழுத்துருவில் சேர்க்கப் பார்க்கிறேன். அது முடியும்வரை எக்ஸ்பி பெட்டியை விட முடியாது. அதன் பிரதி ஒன்று மாமாவின் வன்தட்டில், இன்னொன்று என்னிடம். ஒப்பிட இன்னும் 41 பக்கங்கள் இருக்கின்றன.